எண்பதில் வரும் உதறல்

ஆம்பூர்ப் பக்கம் யாருடைய காரிலாவது ஸ்டீயரிங் உதறினால், "மதி கையில ஒரு தபா குடுத்துப் பாரேன்" என்றுதான் சொல்வார்கள். மதி கடையில் என்று சொல்வதில்லை, மதி கையில். பைபாஸ் சர்வீஸ் ரோட்டோரம் தகரம் போட்ட ஒரு ஷெட்டு, ஒரு ஜாக்கி, பழைய டயர் நாலைந்து, அவ்வளவுதான் கடை. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. எதுக்குப் பலகை? ஊருக்கே அந்தக் கையைத் தெரியும்.

மதியழகன் பிறந்தது ஆலங்காயத்தில். அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவர் கொல்லையில் விவசாயக் கூலிக்குப் போனவர்கள். பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட, பதினேழு வயசில் பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்து, தோல் பதனிடும் டேனரிகளின் லாரிகளை ரிப்பேர் பார்க்கும் ஷெட்டு ஒன்றில் ஒண்டிக்கொண்டார். இருபது வருஷம் கழித்துத் தனிக்கடை. இப்போது வயசு ஐம்பத்து மூன்று. மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், அத்தனை பேசாதவர்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. வண்டியை மின்னூர் வரைக்கும் ஹைவேயில் விடுவார். அறுபது, எழுபது, எண்பது. ரெண்டு உள்ளங்கையையும் ஸ்டீயரிங் மேல் சும்மா வைத்துக்கொள்வார், பிடிக்க மாட்டார். திரும்பி வந்து, "இடது முன் சக்கரம். ரிம் லேசா பெண்டு" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். டயர் உள்ளுக்குள் வீங்கியிருக்கிறதா, சக்கரம் சமமாகச் சுற்ற பேலன்ஸ் வைத்த ஈயம் விழுந்துவிட்டதா, டை ராடு தேய்ந்ததா, எல்லாம் அந்த உள்ளங்கைக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெரிய கடைக்காரர்களே பேஜாராகிப்போய் வண்டியை இங்கே அனுப்புவார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கை.

அந்தக் கை செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆகிறது. இது யாருக்கும் தெரியாது.

சர்க்கரைதான். முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்த எறும்பும் போய்விட்டது. ஒருநாள் காருக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது ஏதோ கருகும் வாடை. ஒயர் எரிகிறதோ என்று தலையைத் திருப்பிப் பார்த்தால், சைலன்சர் மேல் அவருடைய சொந்த விரல். அட கடவுளே, வலிக்கவே இல்லை. அதற்குத்தான் அவர் பயந்தார். டாக்டர் சொன்னார், நரம்பு போய்விட்டது, சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று. "வேலைக்குப் போலாங்களா?" என்று கேட்டார் மதி. "இன்னா வேலை?" என்றார் டாக்டர். மதி எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்காரி அம்பிகா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். அவளிடம், "லேசா மரத்துப் போவுதாம், மாத்திரை குடுத்துகிறாங்க" என்று முடித்துக்கொண்டார். வேறு இன்னா சொல்வது? கையைத் தவிர அவரிடம் வேறு எதுவும் கிடையாது. அதுவும் போச்சு என்றால் மதி யார்?

ஆகவே கண்ணை வைத்துச் சமாளிக்கப் பழகினார். டேஷ்போர்டில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு அதையே பார்ப்பார். கண்ணாடியில் தொங்குகிற பொம்மை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். "நீங்களே ஓட்டுங்க, எனக்குச் சத்தம் கேக்கணும்" என்று சொந்தக்காரனையே ஓட்ட விட்டு, கேள்வி கேட்டே காரணத்தைப் பிடித்துவிடுவார். முப்பது வருஷ மூளை சும்மாவா? முக்கால்வாசி சரியாகவே வந்தது. கூத்து என்னவென்றால், ஊரில் பேர் இன்னும் ஏறியது. "மதி இப்பல்லாம் தொடாமலே சொல்றாருப்பா" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

போன மாசம் தௌசீப் அகமது, ஸ்டீயரிங் லேசாக நடுங்குகிறது என்று வண்டியைக் கொண்டு வந்தார். டேனரிக்கு உப்பு சப்ளை செய்கிறவர். மின்னூர் வரை போனார்கள், பாட்டில் தண்ணீர் அசையவில்லை. மதி ஸ்டீயரிங்கில் கையை வைத்து, வழக்கம்போல் கண்ணை மூடித் திறந்து, "ஒண்ணுமில்ல பாய், நல்லா கீது" என்று அனுப்பிவிட்டார்.

இந்த மாசம் ஜான்சன் வந்தார்.

ஜான்சன் முப்பது வருஷத் தோஸ்த். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். கத்தி பிடித்தால் ஒரு நூல்கூடப் பிசகாமல் தோலை வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து நேராக வந்தார், வெள்ளை பேன்ட் சட்டையோடு. கூட மனைவி ஜாஸ்மின், பின் சீட்டில், தலையணையில் சாய்ந்துகொண்டு.

ஜாஸ்மினும் சாதாரண ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் டேனரியில் தோல் தரம் பிரித்தவள். தடவிப் பார்த்தே இது ஆடு, இது மாடு, இதில் முள் கீறிய தழும்பு இருக்கிறது என்று தூக்கி வேறு அடுக்கில் போடுவாள். இப்போது கிட்னி ரெண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூணு நாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ். பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்தபடியே மயங்கிச் சரிந்துவிட்டாள். அந்த வாரமே ஜான்சன் இந்தக் காரை வாங்கினார். ரெண்டாயிரத்தாறு மாடல், டீசல், நாலு கை மாறினது.

"இன்னா ஆவுது?" என்றார் மதி.

"எழுவத்தஞ்சு வரைக்கும் ஒண்ணுமில்ல மதி. எண்பதத் தொட்டா போதும், ஸ்டீயரிங் கைய விட்டு ஓடிடும் போல உதறுது. தொண்ணூறு போனா கம்மியாவுது."

"மொதல்ல இருந்தே இருந்துச்சா?"

"இல்ல. ஒரு மாசமாத்தான்."

ஜாஸ்மின் பின்னாலிருந்து மெல்லப் பேசினாள். "போறப்ப தாங்கிக்கிறேன் அண்ணா. வர்றப்ப தாங்கல. மிஷின்ல இருந்து எறங்கி வந்தா ஒடம்பு துணி மாரி இருக்கும். அந்த உதறல் எலும்புக்குள்ள எறங்குது. இனிமே போவவே வேணாம்னு தோணுது."

"சும்மா இரு நீ" என்று ஜான்சன் அதட்டினார். அதட்டின குரலே உடைந்துபோய் வந்தது. பிறகு மதியைப் பார்த்து, "கேட்டியா? போவ வேணாமாம். நீ இத சரி பண்ணலன்னா இவ நெசமாவே போவ மாட்டா மதி" என்றார்.

மதி காரில் ஏறினார். ஜான்சனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒரு சிலுவை தொங்கியது. எண்பதில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. "பிரேக்க லேசா மிதி" என்றார். உதறல் கூடவில்லை, அப்போ பிரேக் டிஸ்க் இல்லை. "நியூட்ரல் பண்ணு." அப்படியும் உதறியது, அப்போ இன்ஜினும் இல்லை, ஆக்சிலும் இல்லை. "சீட்டு ஆடுதா, ஸ்டீயரிங் ஆடுதா?" ஸ்டீயரிங்தான். அப்போ முன் சக்கரம். இதெல்லாம் தலைக்குள் இருக்கிற வித்தை, அதற்குக் கை தேவையில்லை.

ஷெட்டுக்கு வந்து ரெண்டு முன் சக்கரத்தையும் கழற்றி, பக்கத்துக் கடை மெஷினில் போட்டுப் பார்த்தார். பூ மாதிரி சுற்றியது. பேலன்ஸ் சரி, ரிம் சரி, டயர் சரி. மெஷினில் சரியாகச் சுற்றுகிற சக்கரம் வண்டியில் மாட்டினால் மட்டும் உதறுகிறது என்றால், தப்பு சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதைக்கூடச் சரியாகவே யோசித்தார், பாவி மனுஷன்.

நடுவில் இருப்பது ஹப்பு. சக்கரம் போய் உட்காருகிற வட்ட இரும்பு. அங்கே ஒரு துளி துரு இருந்தாலும், மண் ஒட்டியிருந்தாலும் சக்கரம் கோணலாக உட்காரும். அந்த இடத்தை மதி எப்போதும் கண்ணால் பார்த்ததே கிடையாது. கட்டை விரலால் ஒரு சுற்று தடவுவார், தெரிந்துவிடும். அன்றைக்கும் குந்தி உட்கார்ந்து, இடது ஹப்பை ஒரு சுற்று, வலது ஹப்பை ஒரு சுற்று தடவினார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

இடது ஹப்பில் தோல் இருந்தது.

ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். எது ஆடினாலும் ஒரு தோல் துண்டு. கிரைண்டர் ஆடுதா, காலுக்கடியில் தோல். ஜன்னல் கொக்கி லொடலொடங்குதா, தோல். தையல் மெஷினில் சத்தமா, தோல். வீட்டுக்கு வீடு மூட்டையாகக் கிடக்கும் தோல் துண்டு, வேறு எதற்கு? போன மாசம் ஒரு மழை நாளில் பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டியபோது அந்தப் பழைய ரிம் கடக் கடக் என்று சத்தம் போட்டிருக்கிறது. ஜான்சன் சும்மா இருப்பாரா? கம்பெனிக் கறுப்புத் தோலில் ஹப்பு அளவுக்கு அச்சாக ஒரு வளையம் வெட்டி, நாலு ஓட்டை போட்டு, ஷூவுக்கு ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி அழுத்தி ஒட்டிவிட்டார். சத்தம் நின்றது. அதோடு அதை மறந்தும் போனார். தோல் துண்டு வைத்ததை எல்லாம் யாராவது மெக்கானிக்கிடம் சொல்வார்களா? தண்ணீர் குடித்ததைச் சொல்வோமா நாம்? மழைத் தண்ணீர் பட்டுத் தோல் ஒரு பக்கம் ஊதியது, மறு பக்கம் நசுங்கியது. மேலே கிரீஸும் கரியும் படிந்து இரும்பு எது, தோல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது.

கண்ணுக்குத்தான் தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கும். தோல் ஊரில் ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூட தெரியும்.

மதிக்குத் தெரியவில்லை. எதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்ததில் சக்கரம் திரும்புகிற மூட்டான பால் ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்திருந்தது. "இதான்" என்றார். புதுசு வாங்கி மாட்டினார். சக்கரத்தைப் போட்டு, நட்டுகளைத் தன் உடம்பு கனத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினார். நட்டு இறுகும்போது இரும்பில் இறுகுகிறதா, மெத்தையில் இறுகுகிறதா என்று ஸ்பேனரில் தெரியும். அதுவும் தெரியவில்லை.

மறுபடி மின்னூர். எண்பது. சிலுவை அமைதியாகத் தொங்கியது. இறுக்கின இறுக்கில் தோல் நசுங்கிச் சமமாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதை யார் கண்டது? ஜான்சன் ஸ்டீயரிங்கைத் தட்டி, "கையின்னா உன் கைதான்டா!" என்று கத்தினார். ஜாஸ்மின் பின் சீட்டில் கண்ணை மூடிச் சிரித்தாள். மதிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அம்பிகாவிடம் ரெண்டு தோசை அதிகமாகக் கேட்டு வாங்கித் தின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஜான்சன் போன் செய்தார். மாதனூர் தாண்டி, அகரம்சேரிகிட்ட. "மதி, சக்கரம்..." என்றார்.

பைக்கை எப்படி ஓட்டினார் என்று மதிக்கே தெரியாது. போய்ப் பார்த்தால் கார் ரோட்டோரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடது முன் சக்கரத்தில் நாலு நட்டில் ரெண்டு காணோம், ஒன்று நுனியில் தொங்கியது. ஓட ஓடத் தோல் இன்னும் நசுங்கி, அதன் மேல் இறுக்கின நட்டெல்லாம் தளர்ந்திருந்தது. ஜாஸ்மின்தான் முதலில் கேட்டிருக்கிறாள், ஏதோ சத்தம் வருகிறது, ஓரம் கட்டுங்கள் என்று. ஜான்சன் ஓரம் கட்டவும் பின்னாலேயே ஒரு கன்டெய்னர் லாரி உரசுகிற மாதிரிப் போயிருக்கிறது. ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் ரெண்டு பேரும் இல்லை.

ஜாஸ்மின் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. "பதினோரு மணிக்கு மிஷின் அண்ணா. போன் பண்ணிட்டோம். வேற ஆள ஏத்திட்டாங்களாம், சாயந்திரம் வரச் சொன்னாங்க" என்றாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மதி ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். ஜாஸ்மின் எழுந்து வந்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சும்மா, பழக்க தோஷத்தில், ஒரு விரலை நீட்டி அந்த ஹப்பைத் தொட்டாள்.

"இன்னாங்க இது, தோலு?" என்றாள்.

தொட்டது ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது அவளுக்கு. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். "மாட்டுத் தோலு. உங்க கம்பெனி பிளாக்கு. இது எப்படி இங்க வந்துச்சு?"

ஜான்சன் முகம் வெளுத்துப்போனது. பார்த்தார், மறுபடி பார்த்தார். அப்புறம் ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான்டி வெச்சேன். சத்தம் வருதுன்னு நான்தான் வெச்சேன். உன்ன கூட்டினு போவ வண்டிய வாங்கி, நானே உன்ன கொல்லப் பாத்துட்டேனே!"

மதி ஒரு ஓரமாக நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த நேரத்தில் அவர் நெஞ்சுக்குள் முதலில் வந்தது நிம்மதிதான். தப்பு ஜான்சனுடையது. இவர் மேல் யாரும் ஒரு விரல் நீட்டப்போவதில்லை. அந்த நிம்மதியை நினைத்து மறு நொடியே அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

ஜான்சனோ அவருக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "நீ இன்னா பண்ணுவ மதி. மேலெல்லாம் கிரீஸு. கடவுளே வந்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நான் சொல்லியிருக்கணும். என் தப்பு."

இதுதான் தப்பிக்கிற வாசல். தலையைக் குனிந்து இதன் வழியாகப் போய்விட்டால் முடிந்தது கதை. நாளைக்கும் ஷெட்டு இருக்கும், பேர் இருக்கும். ஜான்சன் மட்டும் சாகிற வரைக்கும் தூங்க மாட்டார்.

"நான் அத தொட்டேன் ஜான்சா" என்றார் மதி.

"எத?"

"அந்தத் தோல. ஞாயித்துக்கெழம. கட்டவெரலால சுத்தித் தடவினேன்."

ஜான்சனுக்குப் புரியவில்லை. "தடவினியா? அப்புறம் ஏன்..."

"தெரியல. எனக்கு கையில ஒண்ணுமே தெரியறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. சக்கர நோயி." உள்ளங்கை ரெண்டையும் விரித்துக் காட்டினார். சுட்ட தழும்பு, வெட்டின தழும்பு, ஆறாமல் கறுத்துக் கிடந்த ஒரு புண். "பால் ஜாயின்ட்டுல ரப்பர்தான் கிழிஞ்சிருந்துச்சு, அதால ஒதறல. எதனா சொல்லணுமேன்னு சொன்னேன்."

ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜான்சன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று மதி எதிர்பார்த்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஜான்சன் மெல்ல எழுந்து, "ரெண்டு வருஷம்" என்றார். "ரெண்டு வருஷத்துல எத்தினி வண்டிய நல்லா கீதுன்னு அனுப்புன?"

மதி விரல் விட்டு எண்ணப் பார்த்தார், பாதியிலேயே கணக்கு தப்பியது.

ஜான்சன் சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். தோலைத் தானே கத்தியால் சுரண்டி எடுத்தார். மற்ற சக்கரங்களிலிருந்து சக்கரத்துக்கு ஒரு நட்டு கழற்றி இதில் போடலாம் என்று மதி சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார். மதி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தபோது, ஜான்சன் கையை நீட்டி அதை வாங்கினார். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார். "நீ தள்ளிக்கோ. நான் போட்டுக்கிறேன்." ஒவ்வொரு நட்டையும் ரெண்டு ரெண்டு தரம் இறுக்கினார். ஜாஸ்மினைக் கைத்தாங்கலாக ஏற்றினார். அவள் மட்டும் கண்ணாடியை இறக்கி, "வெயில்ல நிக்காதீங்க அண்ணா" என்றாள். வண்டி நாற்பதில் ஊர்ந்து பள்ளிகொண்டா பக்கம் போனது.

மதி அங்கேயே நின்றார். எதிரே ஹைவேயில் ஒவ்வொரு காராகப் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் தான் பார்த்த வண்டி ஒன்று ரோட்டில் போனால் பெருமையாக இருக்கும். இப்போது வெள்ளையாக எது வந்தாலும், நீலமாக எது வந்தாலும், இது நான் அனுப்பினதோ என்று நம்பரை உற்றுப் பார்த்தார். சில வண்டிகளை நிஜமாகவே அடையாளம் தெரிந்தது. அவர் கையைக்கூடத் தூக்கினார், யாரும் நிற்கவில்லை.

அப்புறம் போனை எடுத்தார். விரல் சரியாக அழுந்துகிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். முதலில் தௌசீப் அகமது.

"பாய், நான் மதி."

"சொல்லு மதி! நல்லா கீறியா?"

"வண்டி எப்படி ஓடுது பாய்?"

"ஓடுது, ஓடுது. அந்த நடுக்கம் இன்னும் லேசா இருக்குற மாரிதான் இருக்குது. ஆனா நீயே கைய வெச்சுப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் பேச்சு ஏது? நமக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன்."

"இப்ப வண்டி எங்க பாய்?"

"பொண்ணு எடுத்துனு போயிருக்குது, பெங்களூருக்கு. கொழந்தைங்களும் கூட. நாட்றம்பள்ளி தாண்டியிருக்கும் இந்நேரம்."

"போன் பண்ணுங்க பாய். ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே."

"ஏன்? இன்னா ஆச்சு மதி?"

"என் கைக்கு ஒண்ணும் தெரியாது பாய்" என்றார் மதி. "ரெண்டு வருஷமா தெரியாது."